லாங் ஐலண்டிலிருந்து கராச்சர்மா வரை

சென்னையின் புறநகர்கள் பிறந்த வரலாற்றைச் சொல்லப் புகுகிறவர், மாம்பலத்துப் பேரேரியின் நீர் வடிக்கப்பட்டு 1920-களில் அவ்விடத்தே தியாகராயநகர் எழுந்ததையும், 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியபின் அந்தத் தண்டவாளத்தின் இருமருங்கிலும் வயல்கள் மனைகளாக மாறியதையும், பின்னர் அம்பத்தூர், ஆவடி, வேளச்சேரி, பள்ளிக்கரணை என்று நகரம் திசைதோறும் தன் எல்லையைத் தள்ளிக்கொண்டே போனதையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டு போகலாம். அங்கே எத்தனை பிழைகள் நேர்ந்திருந்தாலும், எத்தனை ஏரிகள் அழிந்திருந்தாலும், நகரம் மேலும் நகர்ந்து செல்ல நிலம் இருந்தது. உள்ளூர் நீர் போதாதபோது வீராணத்தையும் கிருஷ்ணா நதியையும் நாட முடிந்தது. நான்கு புறமும் சமுத்திரம் சூழ்ந்த ஒரு தீவில் தலைநகரம் பெருகத் தொடங்கினால் அது எந்தத் திசையில் போகும், எந்த நீரைக் குடிக்கும், அதில் புதிதாக வீடு கட்டிக் குடியேறுகிறவர்கள் எந்த ஊரை விட்டு வருகிறார்கள் என்ற கேள்விகளை, அந்தமானில் போர்ட் பிளேர் நகரத்தைச் சுற்றி மலைச்சரிவுகளில் எழுந்துகொண்டிருக்கும் புதிய குடியிருப்புக்களைக் காண்கிற எவரும் கேட்டே தீரவேண்டும்.

2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்ற அந்நகரம், தொடக்கத்தில் ஒரு நகரமாகவே உத்தேசிக்கப்படவில்லை. 1789-இல் ஆர்ச்சிபால்ட் பிளேர் சாத்தம் தீவில் இட்ட முதற் குடியேற்றம் சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது. சிப்பாய்க் கலகத்துக்குப் பின், 1858 மார்ச்சு மாதத்தில், டாக்டர் வாக்கர் என்ற அதிகாரி 200 கைதிகளுடன் வந்து இறங்கியபோதுதான் இரண்டாவது குடியேற்றம் நிலைத்தது. அதிகாரிகள் எதிரேயுள்ள ராஸ் தீவில் வசித்தார்கள். கைதிகள் இப்பால் காடு திருத்தினார்கள். பல்லாண்டு தண்டனை கழித்து நன்னடத்தை காட்டியவர்களுக்குச் சிறிது நிலம் கொடுத்து, தம் கையால் உழுது பிழைத்துக்கொள்ள அனுமதித்தது அரசு. இவ்வாறு தோன்றிய கைதிக் கிராமங்கள் துறைமுகத்தைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளில் இடம்பெற்றன. 1921-ஆம் ஆண்டு மாப்பிள்ளைக் கலகத்துக்குப் பின் நாடு கடத்தப்பட்ட மலபார்க்காரர்கள் தம் பிறந்த மண்ணின் பெயர்களையே கள்ளிக்கோட்டை, மஞ்சேரி, திரூர் என்று புதிய ஊர்களுக்கு இட்டுக்கொண்டார்கள். இன்று நகரத்தின் புறநகர்ப் பகுதிகளாக நாம் காணும் இடங்களிற் பல, கைதிகள் நெல் பயிரிட்ட இந்தப் பழைய கிராமங்களே. ஒரு புறநகரின் அடித்தளம் கைதிகளின் வயலாக அமைந்த இடம் இந்தியாவில் வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. ஆயினும் அந்த வயலை அமைத்தவர்களின் உழைப்பை நினையாமல் அதன்மேல் ஒரு மனையை அளப்பது நன்றியுள்ள செயலாகாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சுதந்திரத்துக்குப் பின் நிலைமை வேறாயிற்று. தண்டனைக் குடியேற்றம் அதற்குச் சற்று முன்பே ஒழிந்திருந்தது. 1949 முதல் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களைச் சர்க்கார் கப்பலேற்றிக்கொண்டுவந்து குடியமர்த்தியது. குடும்பத்துக்கு 5 ஏக்கர் நெல் நிலமும் 5 ஏக்கர் மேட்டு நிலமும் கொடுப்பது அக்காலத்துத் திட்டம். அவர்களைத் தொடர்ந்து கேரளத்தாரும், ராஞ்சிப் பிரதேசத்து ஆதிவாசிகளும், தமிழர்களும், தெலுங்கர்களும் வந்தார்கள். தமிழர்களிற் பெரும்பாலோர் நிலம் பெற்ற குடியேற்றக்காரர்களாக வராமல், காட்டிலாகாவிலும், துறைமுகப் பணியிலும், பொதுப்பணித் துறையிலும் கூலிவேலைக்கென்று வந்து, பின்பு கடைவைத்தும் மீன்பிடித்தும் உத்தியோகம் பார்த்தும் ஊன்றிக்கொண்டவர்கள். இப்போது தீவுகளின் ஜனத்தொகையில் ஏறத்தாழ 15 சதவிகிதத்தினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள்; வங்காளிக்கும் இந்திக்கும் அடுத்த இடம் தமிழுடையது. பங்குனி உத்திரத்தன்று போர்ட் பிளேரில் காவடி எடுத்து வரும் கூட்டத்தைக் கண்டவர்களுக்கு இந்தக் கணக்கு வேண்டியதில்லை.

1951-இல் தீவுகள் அனைத்திலும் சேர்த்து 30,971 பேரே வாழ்ந்தார்கள். 2011-இல் அந்த எண்ணிக்கை 3,80,581 ஆயிற்று. தலைநகரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், 1961-இல் 14,075 ஆக இருந்த ஜனத்தொகை 2001-இல் 99,984 ஆகிவிட்டது. நாற்பது ஆண்டுகளில் ஏழு மடங்கு. அதன்பின் நகராட்சியின் பழைய எல்லைக்குள் மேலும் நெருக்க இடமில்லாமல் பெருக்கம் வெளிப்புறம் வழிந்து, தெற்கே கராச்சர்மா, டாலிகஞ்ச், புரோத்ராப்பூர், புரூக்ஷாபாத் என்றும், துறைமுகத்தின் எதிர்க்கரையில் பாம்பூஃபிளாட் என்றும் பரவியது. கிராமப் பஞ்சாயத்துக்களாக இருந்துகொண்டே கராச்சர்மாவும் புரோத்ராப்பூரும் பாம்பூஃபிளாட்டும் 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் நகரங்களாக எண்ணப்பட்டன. பெயரளவில் கிராமம், வாழ்க்கையில் நகரம் என்ற இந்த இரண்டுங்கெட்டான் நிலையிலேதான் எந்தப் புறநகரும் தன் பிற்காலத்துத் தொல்லைகளையெல்லாம் சேர்த்துக்கொள்கிறது: பஞ்சாயத்துக்கு வடிகால் அமைக்கும் வசதி இல்லை, நகராட்சிக்கு அங்கே அதிகாரம் இல்லை, இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் வீடுகள் மட்டும் காத்திராமல் எழுந்துவிடுகின்றன.

இந்தப் பெருக்கம் எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கும்போது, பலர் உடனே மெயின்லேண்டை, அதாவது இந்தியப் பெருநிலத்தை, சுட்டுவார்கள். கப்பலிலும் விமானத்திலும் வந்து இறங்குகிறவர்களே நகரத்தை நெரிக்கிறார்கள் என்பது பரவலான அபிப்பிராயம். ஒரு காலத்தில் அது பெரும்பாலும் உண்மை. ஆனால் 2001-க்கும் 2011-க்கும் இடைப்பட்ட குடிமதிப்புக் கணக்கை மாவட்டவாரியாகப் பிரித்துப் பார்த்தால் வேறொரு சித்திரம் தெரிகிறது. அந்தப் பத்தாண்டுகளில் தென் அந்தமான் மாவட்டம் 2,08,471-இலிருந்து 2,38,142 ஆக, அதாவது 29,671 பேர் கூடி வளர்ந்தது. சுனாமியால் சீர்குலைந்த நிக்கோபார் மாவட்டத்தில் 5,226 பேர் குறைந்தார்கள். வட, மத்திய அந்தமான் மாவட்டத்திலோ 1,05,613 ஆக இருந்த தொகை 1,05,597 ஆயிற்று. பதினாறு பேர் குறைவு! பத்தாண்டுக் காலம் குழந்தைகள் பிறந்துகொண்டேயிருந்த ஒரு பெரிய மாவட்டத்தில் ஜனத்தொகை இம்மியளவும் ஏறவில்லை என்றால், பிறப்பால் வந்த பெருக்கத்துக்குச் சமமான ஜனங்கள் வெளியேறிவிட்டார்கள் என்றுதானே பொருள்? அவர்கள் எல்லோரும் போர்ட் பிளேருக்கே போனார்கள் என்று சாதிக்க முடியாது. சிலர் மெயின்லேண்டுக்கே திரும்பியிருக்கலாம். ஆயினும் ஒரு மாவட்டம் அசையாமல் நிற்க, அதன் அண்டை மாவட்டம் நூற்றுக்குப் பதினான்கு வீதம் ஏறிய இந்தக் கணக்கே கராச்சர்மாவின் கதைக்கு முதல் அத்தியாயம் என்று நான் கருதுகிறேன்.

அந்த அத்தியாயத்தை விளங்கிக்கொள்ள லாங் ஐலண்டுக்குப் போகவேண்டும். மத்திய அந்தமானின் கீழ்க்கரையை ஒட்டி, போர்ட் பிளேருக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில், ரங்கத் வட்டத்தைச் சேர்ந்த சிறு தீவு அது. ரங்கத்தை அடுத்த யெரட்டா ஜெட்டியிலிருந்து சதுப்பு மரக்காடுகளினூடே கழிமுகத்தைக் கடந்து போட் மூலம் அங்கே போய்ச் சேரலாம். போர்ட் பிளேரிலிருந்தும் வாரத்திற் சில நாட்கள் நேராகவே கப்பல் உண்டு. தீவின் பெரும்பகுதி காடு. ஓரத்தில் ஒரே ஒரு கிராமம். மோட்டார் வண்டிகளின் இரைச்சல் அரிதாகிய நடைபாதைகளும், மரத்தாலான வீடுகளும், பாக்கு, தென்னைத் தோட்டங்களும் கொண்ட அழகிய இடம். காட்டினூடே நடந்து போனால் லாலாஜி விரிகுடா என்ற வெண்மணற் கடற்கரை வருகிறது. இந்நாளில் வெளிநாட்டுப் பிரயாணிகள் அதைத் தேடிக்கொண்டுதான் பெரும்பாலும் அங்கே வருகிறார்கள்.

ஆனால் லாங் ஐலண்டில் ஜனங்கள் குடியேறியது கடற்கரைக்காக அல்ல, மரத்துக்காக. அந்தமான் காடுகளின் படாக்கும் கர்ஜன் மரமும் உலகப் புகழ் பெற்றவை. 1883-இல் சாத்தம் தீவில் நிறுவப்பட்ட மர அறுவை ஆலை முதற்கொண்டு இந்தத் தீவுகளின் பொருளாதாரமே மரத்தின்மேல் நின்றது. யானைகளைக் கொண்டு காட்டிலிருந்து இழுத்துவரப்பட்ட அடிமரங்கள் கடலில் மிதக்கவிடப்பட்டு ஆலைகளுக்குப் போயின. லாங் ஐலண்டில் ப்ளைவுட் பாக்டரி ஒன்று நடந்தது. அதை நம்பிப் பல மொழி பேசும் குடும்பங்கள் அந்தச் சிறு கரையில் ஒன்றாக வாழ்ந்தன. மாதச் சம்பளம் இருந்தது. சம்பளத்தை நம்பிக் கடைகள் இருந்தன. கடைகளை நம்பிப் படகுகள் வந்துபோயின.

காட்டை அளவுமீறி வெட்டியதன் விளைவு ஒரு நாள் வந்தே தீரவேண்டியிருந்தது. உச்ச நீதிமன்றம் நியமித்த சேகர் சிங் கமிஷனின் அறிக்கையை ஏற்று, 2002 மே 7-ஆம் தேதி வழங்கப்பட்ட உத்தரவு, தீவுவாசிகளின் சொந்தத் தேவைக்கன்றி வேறெதற்கும் காட்டு மரத்தை வெட்டலாகாது என்று விதித்தது. மெயின்லேண்டுக்கு மரமோ ஒட்டுப்பலகையோ ஏற்றிச் சென்று வாணிபம் செய்யும் யுகம் அத்துடன் முடிந்தது. அந்த உத்தரவு நியாயமானது. ஆயிரமாயிரம் ஆண்டுகளாக வளர்ந்த வனத்தைச் சில தலைமுறைகளின் இலாபத்துக்காக அழிக்க எவருக்கும் உரிமையில்லை. அதை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். ஆனால் காட்டைக் காப்பாற்றிய கையோடு, காட்டை நம்பி வாழ்ந்த கிராமத்துக்கு மாற்று ஜீவனோபாயம் ஒன்றை அமைத்துக் கொடுக்கும் கடமையும் இருந்தது. அதை அதே தீவிரத்துடன் எவரும் மேற்கொள்ளவில்லை. ஆலை ஓய்ந்த கிராமத்தில் ஒரு தகப்பனார் என்ன செய்வார்? பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கவேண்டுமானால் போர்ட் பிளேர். பெரிய சிகிச்சை என்றால் ஜி. பி. பந்த் மருத்துவமனை, அதுவும் போர்ட் பிளேர். சர்க்கார் உத்தியோகமோ தினக்கூலியோ, எல்லாம் அங்கேயே. வாரத்திற் சில நாட்கள் மட்டும் வரும் கப்பலை நம்பி நோயாளியை வைத்துக்கொண்டு காத்திருப்பதைவிட, எப்பாடுபட்டேனும் தலைநகருக்கு அருகே நாலு சென்ட் நிலம் வாங்கிவிடுவது என்ற தீர்மானத்துக்கு அவர் வருவதில் வியப்பென்ன?

அவ்வாறு வருகிறவருக்கு அங்கே நிலம் கிடைப்பது எளிதன்று. தீவுகளின் மொத்த விஸ்தீரணம் 8,249 சதுர கிலோமீட்டர்; அதில் 7,171 சதுர கிலோமீட்டர், அதாவது ஏறக்குறைய 87 சதவிகிதம், சட்டப்படி காடு. ஜாரவா முதலிய பழங்குடிகளின் ஒதுக்கு நிலங்கள் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் காக்கப்பட்டவை. அங்கே வெளியார் நுழையவும் கூடாது. எஞ்சிய சிறு பகுதியிலேதான் கிராமங்கள், வயல்கள், தோட்டங்கள், சாலைகள், விமான நிலையம், பிர்ச்கஞ்ச் படைமுகாம், கடற்படைத் தளங்கள் எல்லாம் அடங்கவேண்டும். மேலும் 1966-ஆம் ஆண்டு நிலவருவாய் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி நிலம் முழுவதும் சர்க்காருக்கே சொந்தம். ஜனங்கள் அனுபவிப்பது குத்தகை, அனுபோகம் முதலிய உரிமைகளையே. பயிர்த்தொழிலுக்கென்று கொடுக்கப்பட்ட நிலத்தில் வீடு கட்ட வேண்டுமானால் தனி அனுமதி வேண்டும். இந்த அனுமதியைப் பெற்றவர்களும் உண்டு, பெறாமலே கட்டியவர்களும் உண்டு. காட்டு நிலத்தில் 1978-க்கு முன் குடிபுகுந்தவர்களுக்கு மாற்றுநிலம் ஒதுக்கி முறைப்படுத்தவும், அதற்குப் பின் புகுந்தவர்களை அகற்றவும் 2002-ஆம் ஆண்டு உத்தரவு கூறியது. ஓர் ஆண்டைக் கோடாகக் கிழித்து இப்பால் குடி, அப்பால் ஆக்கிரமிப்பு என்று பிரிக்கும்போது, கோட்டுக்கு அப்பால் நிற்பவர்களும் அதே கப்பலில் வந்த அதே கூலியாட்கள்தாம் என்பதைச் சட்டம் காண்பதில்லை, நாமாவது காணவேண்டும்.

நிலம் கிடைத்தபின் வீடு எழும் விதம் கவனிக்கத்தக்கது. பள்ளத்தாக்கில் நெல் நிலம், சரிவில் மேட்டு நிலம் என்ற பழைய பங்கீட்டில், குடும்பங்கள் பெருகி நிலம் துண்டாடப்பட்டு, மேட்டு நிலத்தின் துண்டுகள் மனைகளாக விற்கப்படுகின்றன. ஜே.சி.பி. கொண்டு சரிவைச் செங்குத்தாகக் குடைந்து ஒரு தட்டையான தளம் உண்டாக்குவார்கள். குடைந்தெடுத்த செம்மண்ணைக் கீழ்ப்புறம் கொட்டி நிரப்புவார்கள். அதன்மேல் கான்கிரீட் தூண்கள் எழும்பும். முன்னாளில் வீடு என்றால் மரம்: தரையிலிருந்து உயர்த்திய மரத்தூண்கள், பலகைச் சுவர், தகரக் கூரை. நிலம் அதிர்ந்தால் அந்த வீடு வளைந்து கொடுக்கும். இன்று மரம் அருமையாகிவிட்டது. சிமெண்டும் இரும்புக் கம்பியும் சுமார் 1,200 கிலோமீட்டர் கடலைக் கடந்து சென்னையிலிருந்தும் பிற துறைமுகங்களிலிருந்தும் கப்பலில் வருகின்றன. மணலோ முன்பெல்லாம் கடற்கரைகளிலிருந்தே வாரப்பட்டது. ஆமைகள் முட்டையிடும் கரைகள் அரிக்கப்பட்டு அழிவதைக் கண்டு, அதே 2002-ஆம் ஆண்டு உத்தரவு மணல் எடுப்பதை ஆண்டுக்கு 20 சதவிகிதமாவது குறைத்துக்கொண்டு வந்து மூன்றில் ஒரு பங்குக்குள் நிறுத்தச் சொன்னது. கரை தப்பியது, ஆனால் அதற்கு ஈடாகக் கல்லுடைத்துப் பொடி செய்யும் குவாரிகள் மலைகளைத் தின்னத் தொடங்கின.

இந்தத் தீவுகள் நிலநடுக்க அபாயத்தில் ஐந்தாம் மண்டலத்தில் சேர்க்கப்பட்டவை. 1941 ஜூன் மாதத்துப் பூகம்பம் ராஸ் தீவின் மாளிகைகளையும் செல்லுலார் சிறையின் பகுதிகளையும் சிதைத்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அப்போது சரிவுகளில் மாடிக் கட்டடங்கள் இல்லை. இப்போது முன்புறம் இரண்டு தளமும் பின்புறம் நான்கு தளமுமாக, ஒரு பக்கம் குட்டைத் தூணும் மறுபக்கம் நெட்டைத் தூணுமாக நிற்கும் வீடுகளைக் காணும்போது மனம் துணுக்குறுகிறது. தூண்களின் உயரம் ஒத்திராத கட்டடத்தில் அதிர்வின் பளுவில் பெரும்பகுதி குட்டைத் தூண்களின்மேல் விழும்; முதலில் முறிவது அவையே. கட்டட அனுமதி வழங்கும் அலுவலகம் பரிசோதிக்க வேண்டிய முதற் காரியம், வர்ணமும் முகப்பும் அல்ல, இதுதான்.

கீழே நெல் நிலம் இருக்க ஏன் மேட்டைக் குடையவேண்டும் என்று கேட்பவர்களுக்குச் சிப்பிகாட் விடை சொல்லும். கராச்சர்மாவை அடுத்த அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் நெல்லும் காய்கறியும் விளைந்தன. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலையில் ஏற்பட்ட பூகம்பத்தில் தென் அந்தமானின் தரையே ஏறக்குறைய ஒரு மீட்டர் கீழே தாழ்ந்துவிட்டது. சுனாமி அலை வந்து வடிந்த பின்னும் கடல் போகவில்லை. தரை தாழ்ந்துவிட்டபடியால் ஏற்றந்தோறும் உப்புநீர் பழைய வயல்களுக்குள் வந்துபோயிற்று. வட அந்தமானில் இதற்கு நேர்மாறாக நிலம் உயர்ந்து பவளப்பாறைகள் நீருக்கு வெளியே காய்ந்தன. சிப்பிகாட்டில் வரப்புகள் நீரில் மூழ்கி, தென்னைகள் பட்டு நின்று, இன்று நீர்ப்பறவைகள் கூடும் சதுப்பாக அது மாறியிருக்கிறது. பறவை பார்ப்பவர்கள் அங்கே மகிழ்ச்சியோடு செல்கிறார்கள். அந்த வயலுக்கு உரியவராயிருந்த விவசாயிக்கோ மிஞ்சியது மேட்டு நிலம் ஒன்றே. அதில் ஒரு பகுதியை மனையாக விற்றுத்தான் அவர் பிழைக்கவேண்டியிருந்தது என்றால் அவரைக் குறைகூற யாருக்கு வாய் வரும்? அவர் விற்ற மனையை வாங்கியவர் ரங்கத்திலிருந்தோ லாங் ஐலண்டிலிருந்தோ வந்தவராயிருக்கலாம். ஒருவர் நஷ்டம் மற்றொருவருக்கு வாசஸ்தலமாகும் இத்தகைய பரிமாற்றங்களால் அமைந்ததே இந்தப் புறநகர்.

எல்லாவற்றுக்கும் மேலான பிரச்சினை தண்ணீர். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் ஒரு நாட்டில், சென்னை பெறுவதைப் போல இரு மடங்குக்கு மேற்பட்ட மழை பொழியும் ஓர் ஊரில், மாசி பங்குனியில் குடிநீருக்குக் குடத்தோடு நிற்கிறார்கள் என்றால் மெயின்லேண்டில் இருப்பவர்கள் நம்பமாட்டார்கள். ஆயினும் காரணம் எளியது. மே முதல் டிசம்பர் வரை இரண்டு பருவக்காற்றுக்களும் அள்ளிச் சொரியும் நீர், குறுகிய செங்குத்தான மலைகளின் மெல்லிய மண்ணில் தங்காமல், சில மணி நேரத்தில் ஓடைகள் வழியே கடலைச் சேர்ந்துவிடுகிறது. தென் அந்தமானில் சொல்லிக்கொள்ளத்தக்க நதி இல்லை. நகரத்துக்கும் அதன் புறநகர்களுக்கும் பிரதான ஆதாரம் தனிக்காரி ஓடையின் குறுக்கே கட்டிய ஒரே அணை. மழை ஓய்ந்த ஜனவரி முதல் அதன் நீர்மட்டம் நாளுக்கு நாள் இறங்க, குழாயில் நீர் வரும் நாட்களின் இடைவெளி நீண்டுகொண்டே போகும். தெற்கேயுள்ள ருட்லண்ட் தீவின் ஓடைகளிலிருந்து கடலுக்கடியில் குழாய் போட்டு நீர் கொணரும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது. வரட்டும், நல்லதே. ஆனால் காட்டுச் சரிவு ஒவ்வொன்றும் மழையைப் பிடித்து வைத்து மெல்ல விடும் இயற்கையின் நீர்த்தேக்கம் என்பதை மறந்து, அச்சரிவுகளையே குடைந்து வீடாக்கிவிட்டு, பிறகு அண்டைத் தீவுக்குக் குழாய் போடுவது எவ்வளவு காலத்துக்குச் செல்லும்? தகரக் கூரையின் கீழ் ஒரு தொட்டி வைத்துக் கார்த்திகை மழையைப் பிடித்துக்கொள்வது பழைய வீடுகளின் வழக்கம். 3,000 மில்லிமீட்டர் மழையில் நூறு சதுர மீட்டர் கூரை ஒன்று ஆண்டுக்கு மூன்று லட்சம் லிட்டர் நீரைப் பெறுகிறது. அதில் பத்தில் ஒரு பங்கைச் சேமித்தாலும் வறண்ட மாதங்களில் ஒரு குடும்பத்துக்கு அது பேருதவி. புதிதாகக் கட்டப்படும் எந்த வீட்டுக்கும் இந்தத் தொட்டி இல்லாமல் அனுமதி தரலாகாது என்பது என் திடமான கருத்து.

தண்ணீர் வருவது இவ்வாறென்றால், கழிவுநீர் போவதைப் பற்றியும் சொல்லவேண்டும்; அதற்கு ஓர் எச்சரிக்கை வேறொரு நாட்டில் இருக்கிறது. நவீன புறநகருக்கு முன்மாதிரியாகப் பலர் குறிப்பது அமெரிக்காவில் நியூயார்க்குக்குக் கிழக்கே நீண்டு கிடக்கும் மற்றொரு லாங் ஐலண்டை. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்காக, 1947-இல் தொடங்கி, உருளைக்கிழங்கு விளைந்த வயல்களில் லெவிட் குடும்பத்தாரின் நிறுவனம் ஒரே அச்சாக வீடுகளைக் கட்டிக் குவித்தது; 1951-க்குள் 17,000-க்கு மேற்பட்ட வீடுகள். லெவிட்டவுன் என்ற அந்த ஊர் கறுப்பர்களுக்கு வீடு கொடுக்க மறுத்த கொடுமை ஒருபுறமிருக்க, அந்தத் தீவு முழுவதும் பரவிய வீடுகள் தத்தம் கழிவை மண்ணுக்குள் விட்டதால், குடிநீருக்கு ஒரே ஆதாரமாகிய நிலத்தடி நீரும், பின்னர் சுற்றியுள்ள விரிகுடாக்களும் கெட்டன. பல்லாண்டுகளுக்குப் பின் பெரும்பொருள் செலவிட்டுச் சாக்கடைக் குழாய்கள் போட்டும், தீவின் கிழக்குப் பகுதியில் அந்தத் தொல்லை இன்றும் தீரவில்லை. செல்வத்திற் சிறந்த நாட்டுக்கே இந்த நிலை. கராச்சர்மாவிலும் புரோத்ராப்பூரிலும் வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான். அது நிரம்பி வழிந்தால் நல்லா என்று உள்ளூரில் சொல்லும் ஓடைக்கும், ஓடை வழியே பவளப்பாறை வளரும் கடலுக்கும் போகிறது. புரூக்ஷாபாத்தில் நகரத்தின் குப்பை மேடு இருக்கிறது. அதைச் சுற்றியும் இப்போது வீடுகள் நெருங்குகின்றன. வீடுகள் கொஞ்சமாக இருக்கும்போதே சாக்கடைக்கும் குப்பைக்கும் இடம் ஒதுக்கிவிடுவதற்கு ஆகும் செலவு சிறிது. வீடுகள் நெருங்கியபின் ஆகும் செலவைத் தீவின் கஜானா தாங்காது.

2016-இல் போர்ட் பிளேர் ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2023 ஜூலையில் விமான நிலையத்துக்குப் புதிய முனையம் திறக்கப்பட்டது. இவையெல்லாம் சௌகரியங்களே. ஆயினும் தலைநகரில் கூடும் ஒவ்வொரு சௌகரியமும் வெளித்தீவுகளிலிருந்து இன்னுமொரு குடும்பத்தைக் கவர்ந்திழுக்கும் என்பதையும் கணக்கில் எடுக்கவேண்டும். நகரத்தின் அபிவிருத்தித் திட்டம் வகுப்பவர்கள் நகரத்தின் வரைபடத்தை மட்டும் மேசைமேல் விரித்துக்கொள்வதுதான் தவறு. லாங் ஐலண்டிலும், ரங்கத்திலும், மாயாபந்தரிலும், டிக்லிப்பூரிலும், ஹட் பேயிலும் எத்தனை பேர் ஊரை விட்டுப் போகத் தீர்மானித்திருக்கிறார்கள் என்பதே கராச்சர்மாவில் எத்தனை வீடு எழும் என்பதை நிர்ணயிக்கிறது.

இதற்கிடையில் தெற்குக் கோடியிலுள்ள பெரிய நிக்கோபாரில், துறைமுகத்தோடும் விமான நிலையத்தோடும் ஒரு புதிய நகரமே நிர்மாணிக்கும் திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்திருக்கிறது. சுமார் 8,000 பேர் வாழும் அந்தத் தீவில் சில பத்தாண்டுகளில் 3.5 லட்சம் பேர் வசிப்பார்கள் என்று திட்டம் எதிர்பார்க்கிறது. 130 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட காடு இதற்காக விட்டுக்கொடுக்கப்படும். 2011-இல் எல்லாத் தீவுகளிலுமாக வாழ்ந்த ஜனத்தொகைக்கு ஏறக்குறைய சமமான ஒரு நகரம்! ஷோம்பென் என்ற பழங்குடியினரின் வாழிடமும், தோணியாமைகள் முட்டையிடும் கலாத்தியா விரிகுடாவும் அங்கே இருக்கின்றன என்பது அந்தத் திட்டத்தைப் பற்றி நடந்துவரும் விவாதத்தில் பலராலும் சொல்லப்பட்டுவிட்டது. நான் கூட்டிச் சொல்லுவது ஒன்றே: தனிக்காரி அணையை நம்பிய ஒரு லட்சம் பேர் நகரத்துக்கே வறண்ட காலத்தில் நீர் கொடுக்க முடியாத அனுபவம் கையில் இருக்கும்போது, அதைப்போல மூன்றரை மடங்கு ஜனங்களை மற்றொரு தீவில் வைக்குமுன் முதலில் இந்த அனுபவத்தின் கணக்கை ஒழுங்காக எழுதிப் பார்க்கவேண்டும்.

செய்யவேண்டிய காரியங்கள் அப்படியொன்றும் எட்டாத உயரத்தில் இல்லை. பாரதாங் தீவையும் மத்திய அந்தமானையும் இணைக்கும் ஆசாத் ஹிந்த் பௌஜ் பாலம் திறந்தபின் ரங்கத்துக்குப் போகும் தரைவழிப் பிரயாணம் சுலபமாயிருக்கிறது. அந்தப் பாலம் ரங்கத்து ஜனங்களைத் தலைநகருக்கு அள்ளிக்கொண்டு போகும் வழியாகவும் ஆகலாம். தலைநகரத்து வைத்திய நிபுணர்களையும் கல்லூரி ஆசிரியர்களையும் ரங்கத்துக்குக் கொண்டுவரும் வழியாகவும் ஆகலாம். இரண்டாவது நடக்க வேண்டுமானால் ரங்கத்து மருத்துவமனையில் அறுவை சிகிச்சையும் பிரசவ சிகிச்சையும் இரவு பகலாக நடைபெறத் தக்க ஆட்களும் கருவிகளும் நிரந்தரமாக இருக்கவேண்டும். யெரட்டாவுக்கும் லாங் ஐலண்டுக்கும் இடையே அன்றாடம் ஓடும் படகு, கடல் கொந்தளிக்கும் நாள் தவிர மற்றெந்த நாளிலும் தவறலாகாது. அவசர நோயாளிக்கென ஒரு விசைப்படகு கிராமத்திலேயே நிற்கவேண்டும். காடு வெட்டுவதை நிறுத்தியதால் வேலையிழந்த அந்தக் கிராமத்தாரையே காட்டுக் காவலுக்கும், வழிகாட்டிகளாகவும், லாலாஜி விரிகுடாவுக்கு வருவோரை உபசரிக்கும் சிறு விடுதிகளின் உரிமையாளர்களாகவும் ஆக்குவதற்குக் கடனும் பயிற்சியும் அளிக்கலாம். கராச்சர்மாவில் ஒரு குடும்பத்துக்கு வேண்டிய சாலையும் குழாயும் வடிகாலும் மின்சாரமும் அமைக்க ஆகும் செலவையும், அதே குடும்பம் லாங் ஐலண்டிலேயே மனநிறைவோடு இருக்க ஆகும் செலவையும் பக்கத்துப் பக்கத்து நிரலில் எழுதி, அந்தமான் நிர்வாகம் தன் அடுத்த வரவு செலவுத் திட்டத்தோடு ஜனங்களின் முன் வைக்கட்டும்.